39 வயதில் சேலம் தெருவில் ஸ்கேட்போர்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் விடிகாலையில் தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டும் பெண் நான். வயது 39, இரண்டு பிள்ளைகள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேரிங் கடையில் கணக்கு பார்க்கிறேன். பால் வாங்க வருபவர்கள், வாக்கிங் போகிறவர்கள், கடைக்கு வரும் லேத் பட்டறைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று நாலு வருஷமாக எல்லோரும் கேட்டதையே கேட்கிறார்கள். பாதிப் பேர் ஆசைப்பட்டுத்தான் கேட்கிறார்கள் என்பது போர்டைப் பார்க்கும் அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிடும். அவர்களுக்காக எழுதியது இது.

இது எப்படி ஆரம்பித்தது?

பேரிங்கில்தான் ஆரம்பித்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன் கடைக்கு வந்து, "அக்கா, 608 எட்டு வேணும்" என்றான். 608 என்பது ஒரு பேரிங் அளவு, எங்களிடம் தினமும் போகிற சரக்கு. சின்ன மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர்கள் ஒன்றிரண்டு வாங்கிப் போவார்கள். எட்டு யாரும் கேட்டதில்லை. எதற்கு என்று கேட்டேன். கக்கத்தில் இடுக்கியிருந்த போர்டைத் திருப்பிக் காட்டினான். ஒரு வீலுக்கு இரண்டு, நாலு வீலுக்கு எட்டு. கடைப் படியிலேயே உட்கார்ந்து மாற்றி முடித்து, வீலை ஒரு சுண்டு சுண்டினான். அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஏறிப் பாருங்கக்கா" என்று கையை நீட்டினான். சரி என்று ஏறினேன். இரண்டு டைல்ஸ் தூரம் நகர்ந்திருப்பேன், அவ்வளவுதான். பதினைந்து வருஷமாக நான் நடந்து தேய்த்த தரை அது. அன்றைக்கு அது புதுத் தரையாக இருந்தது.

அடுத்த மாதம் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் போர்டு வாங்கினேன்.

இந்த வயதில் இது தேவையா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணிக்காக ஸ்கேட்போர்டு பார்க் பிரிவில் இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு வயது 51. அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றி இறங்கும் 900 என்ற வித்தையை 1999-இல் முதன்முதலாகப் போட்டியில் செய்து காட்டியபோது அவருக்கு 31. அதையே 48 வயதில் திரும்பவும் செய்தார். மறுபக்கம், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. ஆக, வயதை வைத்து இந்தப் பலகை யாரையும் தள்ளி வைப்பதில்லை.

உடம்பு வேறு மாதிரி என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பதினாறு வயதுப் பையன் படுக்கையிலிருந்து எழுந்து நேராகப் போர்டில் குதிப்பான். நான் கணுக்கால், முட்டி, இடுப்பு மூன்றையும் பத்து நிமிடம் அசைத்துச் சூடேற்றாமல் ஏறுவதில்லை. அவன் தினமும் ஓட்டுவான், நான் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆனால் பெரியவர்களிடம் ஒன்று இருக்கிறது. கணக்கில் நாற்பது பைசா உதைத்தால் அது எங்கே என்று ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து தேடுகிற ஆள் நான். ஒரே தவறை நூறு தடவை அலுக்காமல் பார்க்கும் அந்தப் பொறுமைதான் போர்டில் எனக்குக் கைகொடுக்கிறது. முதல் வாரத்திலேயே விட்டுவிட்டுப் போன இளைஞர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். முப்பது தாண்டி ஆரம்பித்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.

எதற்குத் தெருவில்? மைதானத்தில் ஓட்டக் கூடாதா?

மைதானம் மண். இந்த வீல் மண்ணில் ஓடாது. ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஸ்கேட்போர்டில் பல வகை உண்டு. சறுக்கு மேடை, கிண்ணம் போன்ற குழி எல்லாம் கட்டிவைத்த பார்க்கில் ஓட்டுவது ஒன்று. மலைச்சரிவில் வேகமாக இறங்குவது ஒன்று. தெருவில் ஏற்கெனவே இருக்கிற படி, திண்டு, சரிவு, நடைபாதை ஓரம், கைப்பிடிக் கம்பி இவற்றை வைத்து விளையாடுவது ஸ்ட்ரீட். எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு படிக்கட்டைக் கட்டிய கொத்தனார் மனிதர்கள் ஏறி இறங்கத்தான் கட்டினார். அதே படியில் இன்னொரு பயனும் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை.

போர்டு வாங்கிய பிறகு என் ஊரை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். பஸ்ஸில் அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டும்போது கண் தானாக ஓரத்தில் இருக்கும் திண்டுக்குப் போகும். அழகாபுரத்தில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், வாசலில் இருக்கும் சரிவின் வாட்டம் எவ்வளவு என்று கால் கணக்கு போடும். புதிதாகப் போட்ட தார், ஜல்லி தேய்ந்து வழுவழுப்பான பழைய தார், சிமென்ட் பால் தேய்த்த தரை, மேலே மணல் உதிரும் அரைகுறைப் பூச்சு, இவை ஒவ்வொன்றுக்கும் உள்ளங்காலில் ஒரு தனி அதிர்வு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் எங்கள் தெருவின் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று என்னால் சொல்ல முடியும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தழும்பு எங்கே, யார் வீட்டு வாசலில் தளம் ஒரு விரற்கடை உயர்ந்திருக்கிறது, எல்லாம் காலுக்குத் தெரியும். ஒரு ஊரில் பிறந்து வளர்ந்தும் அந்த ஊர்த் தரையைத் தெரியாமலே இருந்துவிடலாம். நான் 35 வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

சேலத்தில் ஓட்ட நல்ல இடம் எது?

இடத்தின் பெயரைச் சொல்வதைவிட, எப்படித் தேடுவது என்று சொல்கிறேன்.

முதலில் தரை. சிமென்ட் ரோடு, கூடைப்பந்துத் தளம், ஷட்டர் இறக்கிய கடை வரிசைக்கு முன்னால் இருக்கும் தளம், இவை நல்லவை. பேவர் பிளாக் போட்ட நடைபாதை வேண்டாம். ஒவ்வொரு கல்லின் இடுக்கிலும் வீல் தட்டித் தட்டிப் பல் கிடுகிடுக்கும். அடுத்தது, வண்டி வராத நேரம். ஐந்து ரோடும் நாலு ரோடும் எந்நேரமும் வண்டி போகும் இடம், அங்கே போகவே வேண்டாம். குடியிருப்புக்குள் இருக்கும் முட்டுச்சந்து காலை ஆறரை வரைக்கும் நம்முடையது.

எனக்குக் கிடைத்த நல்ல இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தும் தளம். வழுவழுப்பான சிமென்ட், இரண்டே படி, முழங்காலுக்குக் கீழே ஒரு திண்டு. முகூர்த்தம் இல்லாத நாளில் ஓட்டிக்கொள்ள மேனேஜர் ஐயா அனுமதி கொடுத்தார். பஞ்சாங்கத்தை இவ்வளவு கவனமாக நான் இதற்கு முன் பார்த்ததில்லை. வளர்பிறை முகூர்த்த நாள்களை எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள், தளம் முழுக்கக் காலி. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்று சேலம் தெருவெல்லாம் பந்தலும் கூட்டமுமாக இருக்கும்போது, என்னோடு சேர்ந்து ஓட்டும் எங்கள் குழு மண்டபத்துக்குள் போய்விடும்.

ஒரு இடத்தில் மட்டும் ஆசைப்படவே கூடாது. ஆத்தூர் ரோட்டில் போகும்போது ஜவ்வரிசி ஆலைகளின் களம் கண்ணில் படும். அகலமான, சுத்தமான சிமென்ட் தளம், பார்த்தாலே கால் துறுதுறுக்கும். ஆனால் அது சாப்பாட்டுப் பொருள் காயும் இடம். சும்மா கிடந்தாலும் அங்கே வீல் படக் கூடாது.

போர்டோடு துடைப்பமும் எடுத்துப் போகிறீர்களே, எதற்கு?

சின்னக் கல்லுக்கு. கடுகு அளவு ஜல்லித் துணுக்கு ஒன்று போதும், கெட்டியான சின்ன வீல் அதில் முட்டி நின்றுவிடும். போர்டு நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். எங்கே போனாலும் முதல் ஐந்து நிமிடம் கூட்டிவிட்டுத்தான் ஏறுவோம். அந்த மண்டப வாட்ச்மேன் அண்ணன் எங்களை ஏற்றுக்கொண்டதே நாங்கள் கூட்டுவதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

அதிகாலையில் சத்தம் போட்டுத் தெருவை எழுப்புகிறீர்களே?

இந்தக் குறை நியாயமானது. கெட்டி வீல் தார் ரோட்டில் ஓடினால் தள்ளுவண்டி ஓடுவது மாதிரி கடகடவென்று கேட்கும். அதனால் வீட்டிலிருந்து மண்டபம் வரைக்கும் போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துதான் போகிறேன். தெருவிலேயே ஓட்டும் நாளில் ஆறு மணிக்கு முன்னால் வீலைத் தரையில் வைப்பதில்லை.

வாசல் கோலம், தெரு நாய், இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

கோலத்தின் மேல் ஏறக் கூடாது. ஒரு பாட்டி நாலரைக்கே எழுந்து தண்ணீர் தெளித்துப் புள்ளி வைத்துப் போட்டதை, நாலு வீல் ஒரு நொடியில் கலைத்துவிடும். மார்கழியில் கோலங்கள் பெரிதாகித் தெருவின் முக்கால்வாசியைப் பிடித்துக்கொள்ளும். மீதி இருக்கும் கால்வாசியில் வளைந்து வளைந்து போக வேண்டும். பின்காலை அழுத்தி முன்பக்கத்தை லேசாகத் தூக்கித் திரும்பும் கிக்டர்ன் எனக்குக் கைவந்தது ஒரு மார்கழியில்தான். தெளித்த தண்ணீர் காயாமல் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய்க்கு இந்தச் சத்தம் பிடிக்காது, துரத்தும். வேகம் எடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, போர்டைக் கையில் எடுத்து, மெதுவாக நடங்கள். சத்தம் நின்றதும் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் கீறல் என்று விடவே கூடாது.

எந்த போர்டு வாங்குவது?

பொம்மைக் கடையில் கிடைக்கும், படம் போட்ட மெலிந்த பலகை வேண்டாம். அதில் பிளாஸ்டிக் ட்ரக் இருக்கும், திரும்பாது. வளர்ந்த ஆளின் எடையையும் தாங்காது. ட்ரக் என்பது பலகைக்கு அடியில் அச்சைத் தாங்கும் உலோகப் பாகம்.

நல்ல பலகை மேப்பிள் மரத்தில், ஏழு அடுக்கு ஒட்டிச் செய்ததாக இருக்கும். அகலம் 8 முதல் 8.5 இன்ச் வரை எடுக்கலாம். நான் 8.25. வீல் யூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக். வழுவழுத் தரையில் வித்தை பழக 52 மி.மீ., கெட்டித்தன்மை 99ஏ அல்லது 101ஏ. வீட்டிலிருந்து கடைக்குப் போய்வர மட்டும் என்றால் 78ஏ முதல் 87ஏ வரையிலான மெது வீல், கொஞ்சம் பெரிதாக. நம் ஊர் ரோட்டுக்கு ஆரம்பத்தில் மெது வீலே நல்லது, முட்டி பிழைக்கும். என்னிடம் இரண்டு செட்டும் இருக்கிறது.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு தகவல்: வீல் நட்டு 1/2 இன்ச், ட்ரக் நடுவே இருக்கும் கிங்பின் நட்டு 9/16, பலகையில் ட்ரக்கைப் பிடிக்கும் எட்டு நட்டும் 3/8. வீட்டில் இருக்கும் 13 எம்.எம். ஸ்பேனர் வீல் நட்டுக்குப் பிடிக்கும்.

ஷூ அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். ஓட்டப் பயிற்சிக்கு வரும் தடித்த ஸ்பாஞ்ச் ஷூ போட்டால் காலுக்கும் பலகைக்கும் நடுவே மெத்தை போட்ட மாதிரி ஆகிவிடும். பலகையின் மேல் உப்புத்தாள் போல ஒட்டியிருக்கும் கிரிப், கான்வாஸ் ஷூவை மூன்றே மாதத்தில் தின்றுவிடுகிறது. ஸ்வேட் தோல் ஷூ அதைவிட நாள் தாங்கும்.

பேரிங் பற்றிச் சொல்லுங்கள், ஏபெக் 9 வாங்கலாமா?

இது என் தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்கேட்போர்டுக்குப் போடுவது 608. உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. இரண்டு பக்கமும் தகடு மூடியது 608 இசட்இசட். ரப்பர் சீல் போட்டது 608 2ஆர்எஸ். நம் ஊர்ப் புழுதிக்கு ரப்பர் சீல்தான் என் சிபாரிசு. சுழற்சியில் கொஞ்சம் இழுவை இருக்கும், ஆனால் மண் உள்ளே போகாது.

ஏபெக் என்பது எவ்வளவு நுட்பமாகக் கடைந்திருக்கிறார்கள் என்பதற்கான அளவு. எண் கூடக் கூட நுட்பம் கூடும். அது தேவைப்படுவது மிக வேகமாகச் சுற்றும் இயந்திரங்களுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 52 மி.மீ. வீல் ஒரு சுற்றில் சுமார் 163 மி.மீ. போகும். மணிக்கு 15 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 250 மீட்டர். ஆக நிமிடத்துக்குச் சுமார் 1,530 சுற்று. வெல்டிங் பட்டறையில் இருக்கும் 4 இன்ச் கையடக்க கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கத்தில் போகும். நம் வீலுக்கு அந்த நுட்பம் எதற்கு? ஸ்கேட்போர்டு பேரிங்கைக் கொல்வது மூன்று: மண், தண்ணீர், குதித்து இறங்கும்போது பக்கவாட்டில் விழும் அடி. அதற்கு ஏபெக்கில் மருந்து இல்லை. நல்ல பெயருள்ள கம்பெனியின் சாதாரண 608 போதும்.

கழற்றிச் சுத்தம் செய்யும்போது சீலை ஊசி முனையால் மெதுவாக நெம்பி எடுத்து, தின்னரில் அலசி, நன்றாகக் காயவைத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். பிசுக்காகிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். ஏற்காட்டுக் குளிரில் உறைந்தே போகும். ஒரு தம்பி அப்படித்தான் டிசம்பரில் நாலு வீலும் சுற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

ஆலி என்றால் என்ன? எவ்வளவு நாளில் வரும்?

கையால் தொடாமல் போர்டோடு சேர்ந்து எம்புவது. ஸ்ட்ரீட்டில் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

பார்க்கிறவர்கள் போர்டு காலில் ஒட்டியிருப்பதாக நினைக்கிறார்கள். நடப்பது இதுதான்: குந்தி உட்காருவது போல மடங்கி மேலே எம்புகிறீர்கள். அதே நொடியில் பின்காலால் போர்டின் வாலை, அதாவது பின்முனையை, தரையில் தட்டுகிறீர்கள். வால் தரையில் மோதியதும் போர்டின் முன்முனை விறுக்கென்று எழும்பும். அப்போது முன்காலின் பக்கவாட்டை கிரிப்பில் உரசிக்கொண்டே முன்முனை வரைக்கும் இழுத்தால், அந்த உரசல் போர்டின் பின்பக்கத்தையும் மேலே கொண்டுவந்து காற்றில் சமமாக்கிவிடும். பிறகு நாலு வீலும் ஒன்றாக இறங்கும். கால் இரண்டும் ட்ரக் போல்டுகளின் மேல் இருந்தால் போர்டு உடையாது.

இதை ஆலன் கெல்ஃபண்ட் என்ற ஃபுளோரிடாப் பையன் 1970-களின் கடைசியில் சறுக்குக் கிண்ணத்தின் சுவரில் செய்தான். ஆலி என்பது அவனுடைய பட்டப்பெயர். 1980-களின் தொடக்கத்தில் ரோட்னி முல்லன் அதைச் சமதரையில் செய்து காட்டினார். கிண்ணத்துச் சுவரின் வளைவு இல்லாமலே மேலே எழும்பலாம் என்று ஆன பிறகுதான் நடைபாதை ஓரம், திண்டு, படி எல்லாம் ஸ்கேட்போர்டுக்குள் வந்தன. அதற்கும் முன்னால் 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் வீலைக் கொண்டுவந்தார். அதுவரை களிமண் கலவை வீலும் இரும்பு வீலும்தான். அவை கல் பட்டால் நிற்கும், வளைவில் வழுக்கும். வீல், ஆலி இரண்டும் வந்திராவிட்டால் இன்றைக்கு நான் சேலத்துத் திண்டில் ஏறியிருக்க மாட்டேன்.

எனக்கு எவ்வளவு நாள் ஆனது? நின்ற இடத்தில் எம்ப மூன்று மாதம். ஓடிக்கொண்டே படுக்கவைத்த செங்கலைத் தாண்ட ஏழு மாதம். அது 3 இன்ச். செங்கலைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் நாலரை இன்ச், அந்த ஒன்றரை இன்ச்சுக்கு இன்னும் ஒரு வருஷம். முதல் தடவை அதைத் தாண்டிய காலையில் மண்டபத்தில் யாரும் இல்லை. வாட்ச்மேன் அண்ணன் மட்டும் டீ டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தாண்டிட்ட பாப்பா!" என்று அவர் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது.

விழுந்தால்?

விழுவோம். நான் இரண்டாவது வருஷத்தில் ஒரு கல் தட்டி வலது கையை நீட்டி ஊன்றி விழுந்தேன். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, சுளுக்கு என்று நினைத்து இருந்துவிட்டேன். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் குழியை அழுத்தினால் மட்டும் உயிர் போகும். இரண்டு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் படகெலும்பில் விரிசல் தெரிந்தது. எட்டு வாரம் மாவுக்கட்டு. மணிக்கட்டில் இருக்கும் இந்தச் சின்ன எலும்பின் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜமாம். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால் ஆற நாள் ஆகும், கவனிக்காமல் விட்டால் சேராமலே போகலாம். அந்த இடத்தில் வலி இருந்தால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மறுபடி போய்க் காட்டுங்கள்.

ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முட்டிக் காப்பு மூன்றும் போடுங்கள். விழுவதையும் பழகுங்கள். வீட்டில் மெத்தை விரித்து, குனிந்த நிலையிலிருந்து தோள்பட்டையில் உருளப் பழகலாம். கை நீட்டி ஊன்றாமல், உடம்பைச் சுருட்டி, விழுந்த வேகத்திலேயே உருண்டுவிட வேண்டும். நான் இதைக் கட்டு பிரித்த பிறகு கற்றுக்கொண்டேன். நீங்கள் முதலிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

பெண்கள் எப்படி ஓட்டுவது? என்ன உடுத்துவது? வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா?

சுடிதார் டாப்பும் ட்ராக் பேண்ட்டும் போடுகிறேன். துப்பட்டா வேண்டாம், வீலில் சுற்றும். சேலையிலும் ஓட்ட மாட்டேன். கொலுசைக் கழற்றி வைத்துவிடுவேன்.

ஆரம்பத்தில் பைக்கில் போகிறவர்கள் விசில் அடித்தார்கள், கூட வந்து பார்த்தார்கள். அது கஷ்டமாகத்தான் இருந்தது. நான் நேரத்தை மாற்றவில்லை. எப்போதும் ஒரே நேரம், ஒரே இடம். நாலைந்து மாதத்தில் பால்காரரும் பேப்பர் போடும் தம்பியும் வாக்கிங் வரும் அம்மாக்களும் எனக்குத் துணை மாதிரி ஆகிவிட்டார்கள். யாராவது வம்பு செய்தால் அவர்களே கேட்கிறார்கள்.

மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்று ஒரு கிராமம். அங்கே 2015-இல் ஸ்கேட் பார்க் கட்டியபோது இரண்டு விதி வைத்தார்கள்: பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஸ்கேட்போர்டு கிடையாது. பெண்பிள்ளைகளுக்கு முதலிடம். அந்த இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் குழுவில் போர்டு ஒன்றுதான் மீதி இருக்கிறது என்றால் அது முதலில் பெண்பிள்ளை கைக்குத்தான் போகும்.

வீட்டில் என் மாமியார்தான் பயந்தார். "கண்ணு, கைகால ஒடச்சிக்கிட்டு வந்து நிக்காத" என்று தினமும் சொல்வார். கை உடைந்தபோது சமையல் முழுக்க அவர்தான் பார்த்தார், இனி விட்டுவிடு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். கட்டு பிரித்த மறுவாரம், கேட்டிடம் வந்து "ஹெல்மெட்டப் போட்டியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். இப்போதும் அதைத்தான் கேட்கிறார்.

ஏற்காடு மலைப்பாதையில் இறங்கினால் எப்படி இருக்கும்?

செய்யாதீர்கள். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸும் லாரியும் சுற்றுலா வேனும் ஒரே பாதையில். ஸ்கேட்போர்டில் பிரேக் கிடையாது, காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்த வேண்டும். அந்தச் சரிவில் அது நடக்காது. மலை இறக்கம் என்பது நீளப் பலகை, பெரிய மெது வீல், முகம் மூடிய ஹெல்மெட், தரையில் ஊன்றும் தனிக் கையுறை, போக்குவரத்தை நிறுத்திய பாதை எல்லாம் வைத்துச் செய்யும் வேறு விளையாட்டு. எங்கள் தெருப் பலகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் ஏற்காட்டுக்கு நாங்கள் போகிறோம், பஸ்ஸில். என் தோழி வீட்டுக் காபித் தோட்டத்தில் காபி காயவைக்கும் களம் இருக்கிறது. சுற்றிலும் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, நடுவில் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பான சிமென்ட். மழைத் தண்ணீர் வடிய லேசான வாட்டம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். மேல் ஓரத்தில் நின்று ஒரு தள்ளு தள்ளினால் களம் முழுக்க அதுவாகவே கொண்டுபோகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஏப்ரல் மாதம் சேலத்தில் 40 டிகிரி கொதிக்கும்போது, அந்தக் களத்தில் மதியம்கூட ஓட்டலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காபிப் பழம் பறித்துக் காயும் காலம். அப்போது போய்க் கேட்பதே தப்பு. மற்ற மாதங்களிலும் விடியற்காலைப் பனியில் சிமென்ட் ஈரமாக இருக்கும். யூரித்தேன் ஈரத்தில் வழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும், பலகை அடுக்கு ஊறும். பனி விலகி வெயில் வரும் வரை காபி குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

திண்டு, படியெல்லாம் பாழாகாதா?

ஆகும். கிரைண்ட் என்றால் ட்ரக்கின் உலோகத்தை ஓரத்தில் உரசிக்கொண்டு போவது. வழுக்க மெழுகுவர்த்தி தேய்ப்பார்கள், அது கறுப்பாகப் படியும், ஓரம் சிதையும். அதனால் கோயில், நினைவுச் சின்னம், பூங்கா பெஞ்ச், அடுத்தவர் வீட்டு கிரானைட் எதையும் நாங்கள் தொடுவதில்லை. மண்டபத் திண்டிலும் ஏறி இறங்குவதோடு சரி.

கிரைண்டுக்கு நாங்களே ஒரு பெட்டி செய்தோம். 4 அடி நீளம், 1 அடி அகலம், 8 இன்ச் உயரம், தடித்த பிளைவுட். மேல் ஓரத்துக்கு ஒன்றரை இன்ச் இரும்பு ஆங்கிள். எங்கள் கடை வாடிக்கையாளரான வெல்டிங் பட்டறை அண்ணன் ஆங்கிளை வெட்டி, முனையை உருட்டி, ஸ்க்ரூ தலை வெளியே நீட்டாமல் குழித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. "ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்கம்மா" என்றார். பட்டறை வாசலிலேயே காட்டினேன்.

பார்க்கில் ஓட்டிப் பார்க்க ஆசை. எங்கே போவது?

சென்னைக்குத் தெற்கே கோவளம், மாமல்லபுரம் கடலோரத்தில் அலைச்சறுக்கோடு சேர்ந்தே ஸ்கேட்போர்டும் வளர்ந்தது. பெங்களூரிலும் பழைய குழுக்கள் இருக்கின்றன, சேலத்திலிருந்து சுமார் 200 கி.மீ.தான். ஒருமுறை போய்ப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். நன்றாகவே சொல்லிக்கொடுக்கும்.

உங்களோடு வந்து ஓட்டலாமா?

வாருங்கள். போர்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்களிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை. எட்டு மணிக்கு முடித்துவிட்டு இட்லிக் கடைக்குப் போவோம். சாயங்காலம் ஓட்டும் நாள் என்றால் தட்டுவடை செட். தட்டை அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு வாருங்கள், தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள். எங்கள் துடைப்பம் தேய்ந்துவிட்டது, முடிந்தால் ஒன்று எடுத்து வாருங்கள்.